வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குக் குழாய் வழி உணவு: எப்போது தொடங்குவது, எப்படி ஏற்றுவது, எப்போது நிறுத்துவது

ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வரும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் குழாய் உணவு என்றதும் முதலில் கேட்பது, என்ன கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும் என்றுதான். அவர்கள் தடுமாறுவதோ பெரும்பாலும் நேரத்தில். அன்றே தொடங்கியிருக்க வேண்டியவருக்கு இரண்டு நாள் தள்ளிப்போகிறது. காத்திருக்க வேண்டியவருக்கு அவசரமாக 200 மி.லி. ஏறுகிறது. ஸ்கேனுக்காக நிறுத்திய ஃபீடை மறுநாள் ரவுண்ட்ஸ் வரை யாரும் தொடங்குவதில்லை.

இது வயது வந்த நோயாளிகளுக்கானது: வென்டிலேட்டரில் இருப்பவர், மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குக் குழாய் போடப்பட்டவர். வீட்டில் படுக்கையில் இருப்பவருக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது. எல்லாப் படிகளும் மருத்துவரின் எழுத்து உத்தரவோடு நடப்பவை. உங்கள் யூனிட்டுக்கென்று எழுதப்பட்ட நெறிமுறை இருந்தால், கீழே உள்ள எண்களைவிட அதையே பின்பற்றுங்கள்.

1. முதல் சொட்டுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் எடை. நோய்க்கு முந்தைய எடைதான் வேண்டும். ஐ.சி.யூ.வில் இரண்டு நாளில் 6 கிலோ ஏறியிருந்தால் அது ஏற்றிய சலைன். அதற்கும் சேர்த்துக் கலோரி கணக்குப் போட்டால் கூடுதலாகத்தான் போகும். எடை பார்க்கும் கட்டில் இல்லையென்றால் உறவினரிடம் கேளுங்கள், ஏதாவது பழைய ஓ.பி. சீட்டில் இருக்கும்.

அடுத்தது, கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பது. ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணீர்தான் குடித்தார், பல வருடமாகத் தினமும் மது அருந்துபவர், ஆள் ரொம்ப மெலிந்துவிட்டார் என்று ஏதாவது ஒன்று வந்தாலும் குறித்துவையுங்கள். 6-ஆம் படியில் இது உயிர் காக்கும் தகவல்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ஏறுவது). இதில் பாஸ்பேட் வழக்கமான பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. தனியாக எழுதி அனுப்பினால்தான் வரும்.

பொருள்களில் ஃபீடிங் பை, பம்ப் (இருந்தால்), குழாயில் பொருந்தும் 50 மி.லி. சிரிஞ்சு, ஒட்டுப்பட்டை, மார்க்கர். கட்டிலின் தலைமாடு 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். கண்ணால் மதிப்பிட்டால் 20 டிகிரி 35 ஆகத் தெரியும். கட்டில் ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பாருங்கள். சுவாசக் குழாயின் கஃப் (மூச்சுக்குழலை அடைத்து நிற்கும் காற்றுப் பை) அழுத்தத்தையும் இப்போதே பார்த்துவிடலாம், 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும்.

2. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா

மயக்க மருந்தில் இருப்பவருக்குக் குழாய் நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. அதனால், எளிதாகப் போச்சு, இருமவே இல்லை என்பது எந்த உறுதியும் அல்ல.

எக்ஸ்ரே எடுங்கள். மார்பு எக்ஸ்ரே எப்படியும் எடுக்கப் போகிறார்கள் என்றால் குழாயைப் போட்ட பிறகு எடுக்கச் சொல்லுங்கள். ஒரே படத்தில் இரண்டும் முடியும். இந்த வரிசை மாறுவதால் மட்டும் ஃபீட் தொடங்க அரை நாள் தாமதமாவதுண்டு. படத்தில் குழாய் நடுக்கோட்டில் இறங்கி, மூச்சுக்குழல் பிரியும் இடத்தைத் தாண்டி, உதரவிதானத்துக்குக் கீழே போய் இடப்பக்கம் திரும்ப வேண்டும். படத்தைப் பார்த்துச் சரி என்றவரின் பெயரும் நேரமும் கேஸ் ஷீட்டில் ஏறட்டும்.

சிரிஞ்சால் காற்றடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். நுரையீரலின் அடிப்பகுதியில் காற்று போனாலும் மேல்வயிற்றில் அதே சத்தம் கேட்கும்.

உறுதியானதும் மூக்கின் விளிம்பில் எத்தனை செ.மீ. என்று பார்த்து, குழாயில் மார்க்கரால் கோடு போட்டு, சார்ட்டிலும் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோய் வந்த பிறகும் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மூக்கு வழி கூடாது, வாய் வழிதான்.

3. தொடங்கலாமா, காத்திருக்கலாமா

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம், இங்கே தப்பினால் குடலே அழுகும் அபாயம் இருக்கிறது.

பொது விதி எளிது. வாய் வழி சாப்பிட முடியாதவருக்கு 48 மணி நேரத்துக்குள் குழாய் உணவு தொடங்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென்னின் 2019 வழிகாட்டுதல். அமெரிக்காவின் ஆஸ்பென் 2016-இல் 24 முதல் 48 மணி நேரம் என்றது. குடலுக்குள் உணவு இறங்கிக்கொண்டிருந்தால் அதன் உட்சுவர் தேயாமல் இருக்கும் என்பதும், கிருமிகள் ரத்தத்துக்குள் கசிவது குறையும் என்பதும் இதன் பின்னால் உள்ள காரணங்கள்.

ஆனால் அந்த 48 மணி நேரத்துக்குள் எந்த மணி என்பதைக் கடிகாரம் தீர்மானிக்காது. மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: ரத்த ஓட்டம் நிலைப்பட்டதா? ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில் இருப்பவரின் உடல், மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கிவிட்டுக் குடலுக்குக் குறைக்கிறது. ரத்த அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் நார்அட்ரினலின் குடலின் ரத்தக்குழாய்களை இன்னும் இறுக்கலாம். உணவு போனால் குடலுக்கு அதிக ரத்தம் தேவை. வரத்து இல்லாத நேரத்தில் தேவையை ஏற்றினால் குடல் திசு சாகத் தொடங்கும். பிரான்சில் வென்டிலேட்டரிலும் ஷாக்கிலும் இருந்த 2410 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான நியூட்ரிரியா-2 ஆய்வில், ஆரம்பத்திலேயே முழு அளவு குழாய் உணவு பெற்றவர்களுக்கு, ரத்தக்குழாய் வழி ஊட்டம் பெற்றவர்களைவிட வாந்தியும் குடல் ரத்த ஓட்டக் குறைவும் அதிகமாக இருந்தன. இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

நார்அட்ரினலின் எத்தனை என்ற எண்ணைவிட அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் முக்கியம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.3 மைக்ரோகிராமுக்கு மேல் ஓடினால் காத்திருப்பது பல யூனிட்களின் வழக்கம். ஆனால் 0.15-இல் இருந்து மணிக்கு மணி ஏறிக்கொண்டிருப்பவர், 0.25-இல் இருந்து இறங்கிக்கொண்டிருப்பவரைவிட ஆபத்தில் இருக்கிறார். கடந்த சில மணி நேரமாக அளவு ஏறவில்லை, லாக்டேட் இறங்குகிறது, சிறுநீர் வருகிறது என்றால் மெதுவாகத் தொடங்கலாம்.

இரண்டாவது: ஆக்ஸிஜனும் ரத்தத்தின் அமிலத்தன்மையும் கட்டுக்குள் வந்தனவா? வென்டிலேட்டரில் எவ்வளவு ஏற்றியும் ஆக்ஸிஜன் நிற்கவில்லை, அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகிறது என்றால் அது ஃபீட் நேரம் அல்ல.

மூன்றாவது: வயிற்றில் தடை ஏதாவது இருக்கிறதா? மேல்குடலில் நிற்காத ரத்தக்கசிவு, குடல் அடைப்பு, குடலுக்கு ரத்தம் போகவில்லை என்ற சந்தேகம், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி உறுப்புகள் நெரிபடும் நிலை, 6 மணி நேரத்தில் வயிற்றில் இருந்து குழாய் வழியே 500 மி.லி.க்கு மேல் திரும்பி வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும்.

காத்திருப்பது என்று முடிவானால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த மூன்று கேள்விகளையும் திரும்பக் கேட்டு, பதிலைச் சார்ட்டில் எழுதுங்கள். இரவு 2 மணிக்கு நார்அட்ரினலின் பாதியாகக் குறைந்திருந்தால் 2 மணிக்கே தொடங்கலாம்.

இனி, காத்திருக்கக் காரணமே இல்லாதவை. குடல் சத்தம் கேட்கவில்லை என்பது இதில் முதலிடம். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு இருப்பவருக்குக் குடல் சத்தம் மங்கலாகத்தான் இருக்கும். அதற்கும் குடல் உணவை ஏற்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மலம் கழிக்கவில்லை, தசைகளைத் தளர்த்தும் மருந்து ஓடுகிறது, குப்புறப் படுக்க வைத்திருக்கிறோம், எக்மோவில் (ரத்தத்துக்கு உடலுக்கு வெளியே ஆக்ஸிஜன் ஏற்றும் கருவி) இருக்கிறார், கணைய அழற்சி என்பனவும் தடைகள் அல்ல. குடலில் அறுவை நடந்திருந்தால் மட்டும் அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

4. தொடங்கும் வேகம்

மணிக்கு 10 முதல் 20 மி.லி. அவ்வளவுதான். முதல் ஃபீடே 200 மி.லி. சிரிஞ்சில் ஏற்றுவது வேண்டாம். வயிறு எப்படி ஏற்கிறது என்று தெரியாத நிலையில் ஒரே தடவையில் போனது வாந்தியாக வந்தால் நுரையீரலுக்குப் போகும்.

குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க 30 மி.லி. தண்ணீர் விட்டு, பிறகு ஃபீடை இணையுங்கள். இணைக்கும் முன் குழாயை மூக்கில் இருந்து பை வரை விரலால் தொடர்ந்து பார்த்துவிட வேண்டும். ஒரே ஸ்டாண்டில் சலைனும் ஃபீடும் தொங்கும் இடத்தில், ஃபீட் ரத்தக்குழாய் லைனுக்குள் போனால் மரணம்கூட நேரலாம். ஃபீடுக்கு ஐ.வி. செட் பயன்படுத்தக் கூடாது. ஃபீட் குழாயின் இரு முனைகளிலும் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டுங்கள், முடிந்தால் கட்டிலின் மறுபக்கத்தில் தனி ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

தொடங்கிய நேரத்தை எழுதும்போதே அடுத்து எப்போது பார்க்கப் போகிறோம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

5. முதல் ஐந்து நாள் ஏற்றம்

முதல் நாளே முழு அளவு கொடுத்தால் சீக்கிரம் தேறுவார் என்று நினைப்பது இயல்பு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நுரையீரல் பாதிப்போடு வென்டிலேட்டரில் இருந்த 1000 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஈடன் ஆய்வில், முதல் 6 நாள் மணிக்கு 10–20 கிலோகலோரி மட்டும் பெற்றவர்களும் முழு அளவு பெற்றவர்களும் வென்டிலேட்டரில் இருந்து விடுபட்டதில் வேறுபாடு இல்லை. குறைவாகப் பெற்றவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைவு. 2023-இல் வந்த நியூட்ரிரியா-3, ஷாக்கில் இருந்த சுமார் 3000 பேரில் பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 6 கிலோகலோரியும் மீதிப் பேருக்கு 25-ம் கொடுத்துப் பார்த்தது. 90 நாள் இறப்பில் வித்தியாசம் இல்லை, குறைந்த அளவு பெற்றவர்கள் ஐ.சி.யூ.வை விட்டுச் செல்லச் சற்று முன்னதாகவே தயாரானார்கள்.

காரணம் இதுதான். கடும் நோயின் முதல் சில நாள்கள் உடல் தன் சொந்தச் சேமிப்பை உருக்கிக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. வெளியில் இருந்து கொடுப்பதால் அது நின்றுவிடுவதில்லை. இரண்டும் சேர்ந்து சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் ஏறுகிறது, கார்பன் டை ஆக்ஸைடும் கூடுகிறது.

60 கிலோ நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஃபீட் ஒரு மி.லி.க்கு ஒரு கிலோகலோரி. இலக்கு கிலோவுக்கு 25, அதாவது நாளுக்கு 1500.

முதல் நாள் மணிக்கு 15 மி.லி.: நாளுக்கு 360 கிலோகலோரி.
இரண்டாம் நாள் 25 மி.லி.: 600.
மூன்றாம் நாள் 40 மி.லி.: 960. இலக்கில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு.
நான்காம் நாள் 50 மி.லி.: 1200. இது 80 சதவீதம்.
ஐந்தாம் நாள் 60 மி.லி.: 1440. ஏற்றத்தை இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாளில் 70 சதவீதத்தைத் தாண்டாமல், அதன் பிறகு 80–100 சதவீதத்துக்குப் போவது என்ற எஸ்பென் வரையறையோடு இது ஒத்துப்போகும். நாள் என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது என்பதை மறக்க வேண்டாம். மூன்றாம் நாளில் திரும்ப ஷாக்குக்குப் போனவருக்கு 40 இல்லை. 10-க்கு இறக்குங்கள் அல்லது நிறுத்துங்கள்.

புரதம் தனிக் கணக்கு. கிலோவுக்கு 1.2–1.3 கிராம் என்றால் இவருக்கு 72–78 கிராம். லிட்டருக்கு 40 கிராம் புரதம் உள்ள ஃபீட் 1440 மி.லி. போனாலும் 58 கிராம்தான் கிடைக்கும். மீதியைப் புரதப் பொடியாகச் சேர்க்கும்படி டயட்டீஷியனிடம் கேட்க வேண்டும். அதையும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, மயக்க மருந்தான புரொபோஃபால். அது கொழுப்பில் கலந்த மருந்து, மி.லி.க்கு 1.1 கிலோகலோரி. மணிக்கு 10 மி.லி. ஓடினால் நாளுக்கு 264. அதைக் கழிக்காமல் ஃபீடை முழுதாக ஏற்றினால் அந்த அளவுக்கு அதிகப்படியாகக் கொடுக்கிறோம். புரொபோஃபாலை நிறுத்தும் நாளில் அந்த 264-ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

6. நீண்ட நாள் பட்டினி கிடந்தவர் என்றால்

1-ஆம் படியில் குறித்துவைத்த தகவல் இங்கே வேண்டும். பல நாள் சாப்பிடாதவரின் உடலில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் இருப்பு வற்றியிருக்கும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியலாம். உணவு போனதும் இன்சுலின் சுரந்து இவை மூன்றையும் செல்களுக்குள் இழுத்துவிடும். பாஸ்பேட் சரிந்தால் மூச்சுத் தசைகள் சோர்ந்து, வென்டிலேட்டரில் இருந்து விடுவிப்பது தடைபடும். பொட்டாசியமும் மெக்னீசியமும் சரிந்தால் இதயத் துடிப்பு தடம் மாறும்.

இவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) முதலில், ஃபீட் பிறகு. வரிசையை மாற்ற வேண்டாம். குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. அது இல்லாத உடலில் மாவுச்சத்து போனால் மூளை பாதிக்கப்படலாம், லாக்டேட்டும் ஏறும். ஏற்கெனவே டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் உணவுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஃபீட் தொடங்கியதும் முதல் மூன்று நாளாவது பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் தினமும் பார்க்க வேண்டும். பாஸ்பேட் லிட்டருக்கு 0.65 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 2 மி.கி.க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். பாஸ்பேட்டை ஈடுசெய்வதோடு, ஃபீடை 48 மணி நேரம் குறைத்து ஓட்டி, பரிசோதனையை நாளுக்கு இரண்டு மூன்று முறையாக்கி, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். பாஸ்பேட் கொடுக்கிறோமே என்று ஃபீட் வேகத்தை அப்படியே விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

7. வயிற்றில் தேங்கியிருப்பதை எப்படிப் படிப்பது

வயிற்றில் இருந்து இழுத்ததில் 150 மி.லி. வந்தது, நிறுத்திவிட்டேன் என்று ஷிப்ட் ஒப்படைக்கும்போது அடிக்கடி கேட்கலாம். 150 என்பது ஒன்றுமே இல்லை. வயிறு தானே சுரக்கும் நீரும் உமிழ்நீரும் சேர்ந்தாலே அவ்வளவு இருக்கும். மற்றபடி வயிறு மென்மையாக இருந்து, வாந்தி இல்லையென்றால் 500 மி.லி.க்குக் கீழ் எந்த எண்ணும் ஃபீடை நிறுத்தக் காரணம் ஆகாது.

தேங்குவதை அளப்பதே தேவையா என்ற விவாதமும் உண்டு. 2013-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் அளக்காமல் விட்டவர்களுக்கு நிமோனியா கூடவில்லை, வாந்தி கூடியது. அதனால் சில யூனிட்கள் அளப்பதை விட்டுவிட்டன. என் கருத்தில், புதியவர்கள் அதிகம் உள்ள யூனிட்டில் தொடங்கிய முதல் சில நாள்கள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பது நல்லது. அந்தச் சாக்கில் யாராவது வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார்கள் அல்லவா.

500-க்கு மேல் வந்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உப்பி இறுகியிருந்து, கூடவே லாக்டேட் அல்லது நார்அட்ரினலின் ஏறினால், அல்லது மலத்தில் ரத்தம் வந்தால் ஃபீடை உடனே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். குடல் பாதிப்பாக இருக்கலாம்.

வயிறு மென்மையாக இருந்தால், 6 மணி நேரம் நிறுத்துவதா பாதி வேகத்தில் ஓட்டுவதா என்று மருத்துவர் சொல்வார். அதோடு பொட்டாசியம் குறைவா, வலி மருந்தான ஃபென்டனில் அளவு அதிகமா, மலச்சிக்கலா என்று தேட வேண்டும். வயிற்றைத் தள்ளும் மருந்தாக எரித்ரோமைசின் அல்லது மெட்டோகுளோப்ரமைடு எழுதுவார்கள். எரித்ரோமைசினுக்கு முன் ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பலன் இல்லையென்றால் குழாயைச் சிறுகுடலுக்குள் தள்ளுவதைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது.

வெளியே எடுத்ததைத் திரும்பச் செலுத்தலாமா? ரத்தமோ மல நாற்றமோ இல்லையென்றால் யூனிட் வைத்திருக்கும் உச்ச அளவு வரை பொதுவாகச் செலுத்துவார்கள், உப்புகள் வீணாகாமல் இருக்க. பேதி வந்தால் ஃபீடை நிறுத்த வேண்டாம். சிரப் மருந்துகளில் உள்ள சார்பிட்டால், ஆன்டிபயாடிக், கெட்டுப்போன ஃபீட் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

8. நிறுத்தும்போதே தொடங்கும் நேரத்தை எழுதுங்கள்

மருத்துவர் 1440 மி.லி. எழுதுகிறார். மாலையில் கூட்டிப் பார்த்தால் நோயாளிக்குப் போனது 900. வயிறு ஏற்காததால் மட்டும் இப்படி ஆவதில்லை. உடம்பு துடைக்க ஒரு மணி நேரம், எக்ஸ்ரேக்கு அரை மணி, ஸ்கேனுக்குக் காத்திருந்ததில் நான்கு மணி, பம்ப் சத்தம் போட்டு யாரோ அணைத்ததில் ஒரு மணி என்று சில்லறையாகப் போகிறது.

அதனால் ஃபீடை நிறுத்தும் கையே மூன்றை எழுத வேண்டும்: நிறுத்திய நேரம், காரணம், மீண்டும் தொடங்க வேண்டிய நேரம். மூன்றாவது இல்லாத நிறுத்தத்தை ஷிப்ட் மாறும்போது ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உடம்பு துடைத்தல், தாள் மாற்றுதல், திருப்பிப் போடுதல்: தலைமாட்டைத் தாழ்த்தும் அந்த நிமிடம் நிறுத்தி, உயர்த்தியதும் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துவதில் பயன் இல்லை. அதற்குள் வயிறு காலியாகிவிடாது.

குப்புறப் போடுதல்: நிறுத்தி, வயிற்றில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, திருப்பி, குழாயின் கோட்டைப் பார்த்து, கட்டில் முழுவதையும் தலைப்பக்கம் உயரச் சாய்த்த பிறகு தொடங்கலாம்.

ஸ்கேன்: கட்டிலை நகர்த்தும்போது நிறுத்துங்கள். ஸ்கேன் அறையில் இருந்து கூப்பிடுவார்கள் என்று காலையிலேயே நிறுத்திவைக்க வேண்டாம்.

டயாலிசிஸ்: ரத்த அழுத்தம் விழாத வரை நிறுத்தவே தேவையில்லை.

டிரக்கியாஸ்டமி: மூச்சுவழியே திறக்கப்படுவதால் முன்கூட்டியே நிறுத்தத்தான் வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதைச் செய்பவர் சொல்வார். முடிந்து ரத்தக்கசிவு இல்லை என்றதும், எப்போது தொடங்கலாம் என்று அவர் கையுறையைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அறுவை அரங்கு: கஃப் உள்ள சுவாசக் குழாயோடு காலில் புண் சுத்தம் செய்யப் போகிறவருக்கு, நள்ளிரவில் இருந்து வெறும் வயிறு என்ற விதி எப்போதும் பொருந்தாது. மயக்க மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அறுவை தள்ளிப்போனால் ஃபீட் அந்தக் கணமே தொடங்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பட்டியலில் இருந்து தள்ளிப்போகும் நோயாளி மூன்று நாளும் பட்டினி கிடப்பார்.

எந்த நிறுத்தமாக இருந்தாலும், இன்சுலின் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபீட் நின்று இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தால் மயக்க மருந்தில் இருப்பவருக்குச் சர்க்கரை சரிவது வெளியே தெரியாது. ஃபீட் பம்பில் கை வைக்கும்போதே இன்சுலின் பம்பையும் பார்ப்பது, மருத்துவரிடம் கேட்டுக் குறைப்பது அல்லது நிறுத்துவது, மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பது என்று மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். பெரும்பாலான யூனிட்களில் சர்க்கரை இலக்கு டெசிலிட்டருக்கு 140–180 மி.கி.

விடுபட்ட அளவை ஈடுசெய்யலாமா? நான்காம் நாளுக்குப் பிறகு, வயிறு நன்றாக ஏற்பவருக்குச் செய்யலாம். நாளுக்கு 1440 என்று வைத்து, 5 மணி நேரம் நின்று 300 மி.லி. விடுபட்டு, மீதி 10 மணி நேரம் இருந்தால் மணிக்கு 30 கூட்டி 90-இல் ஓட்டலாம். உச்ச வேகத்தை யூனிட் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். விடுபட்ட 300-ஐ ஒரே மூச்சில் சிரிஞ்சில் தள்ளக் கூடாது.

9. மருந்து நேரங்களோடு மோதாமல்

வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினைக் குழாய் வழி கொடுத்தால் ஃபீட் அதை உறிஞ்சவிடாது; முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை, இருபக்கமும் ஒரு மணி என்றால் 4 மணி நேரம் போகும். அப்படியானால் 1440-ஐ 24-ஆல் அல்ல, 20-ஆல் வகுங்கள்: மணிக்கு 72. இடைவெளி கொடுத்துவிட்டு வேகத்தை 60-லேயே விட்டால் தினமும் 240 குறையும். ஊசி வடிவம் இருந்தால் மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின், தைராக்ஸின் மாத்திரைகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு.

ஒவ்வொரு மருந்துக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் விடுங்கள், மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. மருந்தே இல்லாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மி.லி. தண்ணீர். குழாய் அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அடைப்பு என்றால் புதுக் குழாய், புது எக்ஸ்ரே, அரை நாள்.

10. பம்ப் இல்லாத இடத்தில், சமையலறை ஃபீடோடு

எல்லாக் கட்டிலுக்கும் ஃபீடிங் பம்ப் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஃபீடிங் பையில் ஈர்ப்பு விசையில் சொட்டு விடலாம். மி.லி.க்கு 20 சொட்டு தரும் செட் என்றால் மணிக்கான மி.லி.யை 3-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கான சொட்டு: மணிக்கு 60 என்றால் 20 சொட்டு. செட்டின் உறையில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளி அசைந்தால் சொட்டு மாறும், அதனால் மணிக்கு ஒருமுறை எண்ண வேண்டும்.

வேளைக்கு வேளை கொடுப்பதாக இருந்தால் முழு அளவு எட்டிய, வயிறு ஏற்கும் நோயாளிக்கு மட்டும். 1440-ஐ 6 வேளையாக்கினால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 240. அதை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் சொட்டாக இறக்குங்கள். சிரிஞ்சின் பிஸ்டனால் அழுத்த வேண்டாம்.

பொடியைக் கரைத்துத் தயாரித்த ஃபீட் பையில் 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. மணிக்கு 15 மி.லி. ஓடும் முதல் நாளில் பையில் 60 மி.லி. மட்டும் ஊற்றினால் போதும். 500 ஊற்றிவிட்டு நாள் முழுக்க ஓட்டுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். பிறகு பேதி, பிறகு ஃபீட் நிறுத்தம். பையை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உறவினர்கள் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோ இளநீரோ கொண்டுவந்து நிற்பார்கள். "வயிறு காயுமே சிஸ்டர், கொஞ்சமாவது கொடுங்க" என்பார்கள். எரிச்சல்பட வேண்டாம், அவர்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கஞ்சி நீர்த்தால் சத்து இல்லை, கெட்டியானால் குழாய் அடைக்கும்; இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் கெட்டவருக்கு இதயத்தை நிறுத்தலாம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். "முதல் இரண்டு நாள் வேணும்னேதான் கம்மியா கொடுக்கிறோம், அப்புறம் ஏத்துவோம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மணிக்கு 15 மி.லி.யைப் பார்த்துப் பயப்படுவது இயல்புதானே.

11. சுவாசக் குழாயை எடுக்கும் நாள்

பல இடங்களில் 4 முதல் 6 மணி நேரம் முன்பு ஃபீடை நிறுத்துகிறார்கள். குழாயை எடுத்ததும் மூச்சு முட்டி மீண்டும் போட வேண்டி வந்தால் வயிறு நிறைந்திருக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் 2023-இல் வெளியான, பிரான்சின் 22 ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வில், எடுக்கும் வரை ஃபீடை ஓட்டியவர்களுக்கும் 6 மணி நேரம் நிறுத்தியவர்களுக்கும் 7 நாளுக்குள் மீண்டும் குழாய் போட வேண்டி வந்ததோ இறப்போ ஏறக்குறைய ஒரே அளவில்தான், இரண்டிலும் 17 சதவீதத்தை ஒட்டி. உங்கள் யூனிட் எதைப் பின்பற்றினாலும், எடுக்கும் முன் வயிற்றில் இருப்பதை உறிஞ்சி எடுங்கள்.

தாமாக மூச்சு விடும் சோதனையில் தேறாமல், இன்று எடுக்கவில்லை என்று முடிவானால் ஃபீட் உடனே தொடங்க வேண்டும். காலை 6 மணிக்கு நிறுத்தி, 11 மணிக்குச் சோதனை தோற்று, மறுநாளும் இதே கதை என்றால் அவருடைய மூச்சுத் தசைகளை நாமே பட்டினி போடுகிறோம்.

எடுத்த பிறகு வயிற்றுக் குழாயையும் கூடவே இழுத்துவிட வேண்டாம். பல நாள் குழாய் இருந்த தொண்டைக்கு விழுங்கும் உணர்வு மந்தமாக இருக்கும். தண்ணீர் இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் போகலாம். சில மணி நேரம் மூச்சு சீராக இருக்கிறது என்று பார்த்து ஃபீடைக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மூக்கு முகமூடியோடு வெளி வென்டிலேட்டர் தேவைப்பட்டால் வயிற்றில் காற்று நிரம்பும், அப்போது மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நேராக உட்கார வைத்து விழுங்கும் பரிசோதனை முடித்து, வாய் வழியாகத் தேவையில் மூன்றில் இரண்டு பங்காவது சாப்பிடுகிறார் என்று இரண்டு நாள் சார்ட்டில் தெரிந்த பிறகு வயிற்றுக் குழாயை எடுக்கலாம்.